மீசை வைத்த பிள்ளைத்தாச்சி

ரஞ்சினி: மாமா, தலகணி கீழ இறங்கீட்டுது.

அரியரத்தினம்: இறங்கத்தானே வேணும், பிள்ளை. எட்டு மாசம் முடியப்போகுது.

ரஞ்சினி: பெனியனுக்குக் கீழால தலகணியில இருக்கிற பூ தெரியுது. உதை ஒருக்கா உள்ளுக்குத் தள்ளுங்கோ. எனக்குச் சிரிப்பு வந்தா கேள்வி மறந்துபோகும்.

அரியரத்தினம்: சிரிக்கிறதெண்டா இப்பவே சிரிச்சு முடி. திங்கக்கிழமை சோதினையில உன்ரை ஆஸ்பத்திரி மார்கரெட் சிஸ்டருக்கு முன்னால சிரிக்கேலாது.

ரஞ்சினி: அதுக்குத்தானே உங்களைப் பிடிச்சு இருத்தினனான். மாமி நிண்டிருந்தா மாமியை இருத்தியிருப்பன். அவ விடியவே எங்கடை தெரு நித்தியானந்தன்ரை தாயையும் கூட்டிக்கொண்டு முருங்கைக்காய் வாங்க எண்டு ஓடீட்டா. சிட்னியில எங்கை மாமா முருங்கைக்காய்?

அரியரத்தினம்: பிளெமிங்டன் சந்தையில. குயின்ஸ்லாந்திலையிருந்து ஒரு லொறி வந்திருக்காம்.

ரஞ்சினி: ஆர் சொன்னது?

அரியரத்தினம்: நான்தான் சொன்னனான். ஒரு காய் ஆறடி. வெட்டிக் குடுக்கமாட்டினம், முழுசாத்தான் எடுக்கவேணுமாம்.

ரஞ்சினி: கடவுளே... ரெண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் தேடப்போகினம்.

அரியரத்தினம்: தேடட்டும். நடக்கிறது உடம்புக்கு நல்லது. நீ உன்ரை பேப்பரை எடு. எனக்கு இடுப்பு, நாரியெல்லாம் நோகுது.

ரஞ்சினி: உங்களுக்கு ஏன் நாரி நோகுது?

அரியரத்தினம்: எட்டு மாசம் எண்டு இப்பத்தானே சொன்னனான்.

ரஞ்சினி: சரி சரி. தொடங்குவம். வணக்கம் தங்கச்சி, நான் ரஞ்சினி. ஆஸ்பத்திரியிலையிருந்து வந்திருக்கிறன், சுகாதார உதவியாளர். டாக்குத்தருக்குச் சொல்லவேண்டியதை நீங்கள் தமிழில எனக்குச் சொல்லலாம். உங்கடை பேர்?

அரியரத்தினம்: மயில்வாகனவல்லி.

ரஞ்சினி: இந்தப் பேப்பரில அவ்வளவுக்கு இடமில்லை.

அரியரத்தினம்: வல்லி எண்டு போடு. மயில் வெளியில நிக்கட்டும்.

ரஞ்சினி: புருசன்ரை பேர்?

அரியரத்தினம்: ...

ரஞ்சினி: தங்கச்சி, புருசன்ரை பேர்?

அரியரத்தினம்: என்ன பிள்ளை கேள்வி இது. நல்ல குடும்பத்துப் பொம்பிளை புருசன்ரை பேரை வாயால சொல்லுவாளோ? முருகன்ரை தேப்பன்ரை பேரைப் போட்டு, அதுக்குப் பின்னால ஒரு சின்னப் பெடியனை நிப்பாட்டு.

ரஞ்சினி: அது உங்கடை மகன்ரை பேர்.

அரியரத்தினம்: அவசரத்துக்கு வேற ஒருத்தரும் கிடைக்கேல்லை. சரி, நீ சொல்லன் பாப்பம் உன்ரை மனுசன்ரை பேரை.

ரஞ்சினி: ...இப்ப சோதினை உங்களுக்கோ எனக்கோ? அடுத்த கேள்வி. ஏதும் விசேசமாச் சாப்பிட ஆசை வருதோ?

அரியரத்தினம்: வருது. ஹாபர் பாலத்துக்கு ஒரு சாம்பல் பெயின்ற் அடிக்கிறாங்களே, அந்த வாசம் பிடிச்சா நாக்கில தண்ணி ஊறுது. போன கிழமை ஒரு ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாத்தனான்.

ரஞ்சினி: மாமா.

அரியரத்தினம்: உறைப்புக் காணாது.

ரஞ்சினி: பகிடியை விடுங்கோ மாமா. எனக்கு இது விளையாட்டில்லை. இந்த உதவியாளர் வகுப்பில பதினொரு பேர் படிக்கிறம். இத்தாலிக்காரி, கிரேக்கக்காரி, லெபனான், துருக்கி எண்டு எல்லாருக்கும் ஆள் இருக்கு. தமிழுக்கு நான் ஒருத்திதான். நான் தவறினா எங்கடை பொம்பிளையளுக்கு அங்கை வாய் இல்லை.

அரியரத்தினம்: நீ ஏன் தவறப்போறாய்?

ரஞ்சினி: என்ரை மகள் பிறக்கேக்கை எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுந்தானே. நீங்கள் அப்ப ஊரில. அவை என்ன கேக்கினம் எண்டு விளங்கேல்லை. வெக்கத்தில எல்லாத்துக்கும் யெஸ் சொன்னனான். பன்றியிறைச்சி சாப்பிடுவியோ எண்டு கேட்டதுக்கும் யெஸ், நோகுதோ எண்டதுக்கும் யெஸ், நோகேல்லையோ எண்டதுக்கும் யெஸ்.

அரியரத்தினம்: நான் வெலிகந்தையில ஸ்ரேசன் மாஸ்ரரா இருக்கேக்கையும் இப்பிடித்தான். இரவு மெயிலில ஒரு பொம்பிளைக்கு நோக்காடு வந்திட்டுது. நான் பச்சைக்கொடியைக் காட்டமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மூண்டு மணித்தியாலம். மட்டக்களப்பு முழுக்க மெயிலைக் காணேல்லை எண்டு தேடுது. கடைசியாப் பிள்ளை பிறந்து, என்ரை கையில இருந்த கொடியைப் பிடிச்சு அதுவே ஆட்டிச்சுது. ரயில் எடுத்திட்டான்.

ரஞ்சினி: பிறந்த பிள்ளை கொடி ஆட்டினதோ.

அரியரத்தினம்: இடக்கையால. எனக்கே கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்தது.

ரஞ்சினி: குசினியில என்ன சத்தம்?

அரியரத்தினம்: எலி.

ரஞ்சினி: கேத்தில் சத்தம் மாதிரிக் கேட்டுது.

அரியரத்தினம்: அவுஸ்திரேலியா எலி, பிள்ளை. தன்ரை தேத்தண்ணியைத் தானே போடும். நீ கேள்வியைக் கேள்.

ரஞ்சினி: சரி, நித்திரை...

அரியரத்தினம்: பொறு. எங்கடை பிள்ளைத்தாச்சி தனிய வருவாளோ? மாமியாரும் வந்து பக்கத்துக் கதிரையில இருப்பா. இஞ்சை பார், இந்தத் துவாயைத் தலையில போட்டா நான் மாமியார். எடுத்தா மருமகள். இப்ப போட்டிருக்கிறன்.

ரஞ்சினி: மீசை வைச்ச மாமியார். சரி... நல்லா நித்திரை வருதோ?

அரியரத்தினம்: அதெல்லாம் நல்லாக் கொள்ளுறாள், மகள். எட்டு மணிக்குப் படுத்தா எட்டு மணிக்குத்தான் எழும்புறாள்.

ரஞ்சினி: சாப்பாடு எப்பிடி அன்ரி?

அரியரத்தினம்: நாலு இடியப்பம் வைச்சா அஞ்சு தின்னுறாள்.

ரஞ்சினி: வாந்தி, தலைச்சுத்து ஏதும் இருக்கோ அன்ரி?

அரியரத்தினம்: எங்கடை குடும்பத்தில அப்பிடியொரு வழக்கம் இல்லை.

ரஞ்சினி: நல்லது. பிள்ளை வடிவா அசையுதோ அன்ரி?

அரியரத்தினம்: ...துவாயை எடுத்திட்டன்.

ரஞ்சினி: ஏன்?

அரியரத்தினம்: பிள்ளை அசையுதோ எண்டு மாமியாரைக் கேக்கிறாய். அந்த மனுசிக்கு எப்பிடித் தெரியும்? வயிறு இஞ்சையெல்லோ கிடக்கு.

ரஞ்சினி: பொறுங்கோ, அதை வெட்டிப்போட்டு எழுதுறன்.

அரியரத்தினம்: வியாழக்கிழமையும் உப்பிடித்தான் கேட்டனியோ?

ரஞ்சினி: வியாழக்கிழமையோ? வியாழக்கிழமை... ஒண்டும் இல்லையே மாமா. சோதினை திங்கக்கிழமைதானே.

அரியரத்தினம்: திங்கக்கிழமை ரெண்டாந்தரம்.

ரஞ்சினி: ...உங்களுக்கு ஆர் சொன்னது? இவருக்கும் தெரியுமோ?

அரியரத்தினம்: உன்ரை மனுசனுக்கு அந்தக் காரைக் கழுவுறதைத் தவிர வேறொண்டும் தெரியாது. ரெண்டு மணித்தியாலமா வெளியில நிண்டு கழுவுறான். என்ன நடந்தது எண்டு நீயே சொல்லு.

ரஞ்சினி: சேர்ச் ஹோலில வைச்சவை. பிரஷர் பாக்கிற நாள் இல்லை, கேள்வி கேட்டுப் பழகிற நாள். ஒவ்வொருத்திக்கும் அவளவள் பாசையில ஒரு தாயைக் கூட்டியந்து இருத்தினவை. எனக்கு வந்தது ஆரெண்டு நினைக்கிறியள்? நித்தியானந்தன்ரை மனுசி, அந்தச் சந்திரவதனா. போன வருசக் கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கின பிள்ளை. மாமியாரோடை வந்திருந்தா. நான் வணக்கம் அன்ரி எண்டன். பிறகு... வாய் அப்பிடியே அன்ரியோடையே போட்டுது. மூத்த ஆள் ஒண்டு கதிரையில இருக்கேக்கை, அவவைத் தாண்டி எப்பிடி மாமா மருமகளைக் கேக்கிறது? எனக்குப் பழக்கமில்லையே. அன்ரி எல்லாத்துக்கும் நல்லா இருக்கிறாள், நல்லா இருக்கிறாள் எண்டா. நானும் ஒரு குறையும் இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான்.

அரியரத்தினம்: சிஸ்டருக்குத் தமிழ் தெரியாதே?

ரஞ்சினி: கண் தெரியுந்தானே. எல்லாம் முடிஞ்சாப்போல என்னைக் கூப்பிட்டா. மாமியாரோடை வடிவாக் கதைச்சாய், தாயின்ரை குரல் எப்பிடியிருக்கும் எண்டுதான் எனக்கு இன்னும் தெரியாது எண்டா. திங்கக்கிழமை இன்னொருக்கா வா, அதிலையும் தவறினா வகுப்பில வைச்சிருக்கேலாது எண்டா. எனக்கு அங்கையே அழுகை வந்திட்டுது. உங்களுக்கெல்லாம் சொல்ல வெக்கமா இருந்தது.

அரியரத்தினம்: நீ நேற்றுச் சாம்பாரில ரெண்டு தரம் உப்புப் போட்டாய். நான் ஒண்டும் சொல்லாமல் திண்டனான்.

ரஞ்சினி: எப்பிடித் தெரியும் எண்டு இன்னும் சொல்லேல்லை.

அரியரத்தினம்: அதைப் பிறகு சொல்லுறன். துவாயை மடிச்சு வைச்சிட்டன், பார். மாமியார் கடைக்குப் போட்டா. இப்ப மருமகள் தனிய இருக்கிறாள். முகத்தைப் பாத்துக் கேள்.

ரஞ்சினி: ...தங்கச்சி, உங்களுக்கு உடம்பில ஏதும் வித்தியாசம் தெரியுதோ?

அரியரத்தினம்: மோதிரம் கழருதில்லை.

ரஞ்சினி: எப்பிடி?

அரியரத்தினம்: விரல் பொங்கிப்போச்சு. சோப் போட்டு இழுத்தும் வரேல்லை. காலமை எழும்பினா முகமும் அப்பிடித்தான், கண்ணாடியில வேற ஆரோ நிக்கிற மாதிரிக் கிடக்கு.

ரஞ்சினி: இது நல்லா இருக்கு மாமா. உண்மை மாதிரி இருக்கு. வேறை?

அரியரத்தினம்: தலையிடி. மூண்டு நாளா. கோப்பி குடிச்சும் போகேல்லை.

ரஞ்சினி: ஓம். வேறை?

அரியரத்தினம்: மின்மினிப்பூச்சி.

ரஞ்சினி: என்ன?

அரியரத்தினம்: கண்ணுக்கு முன்னால மின்மினிப்பூச்சி பறக்குது. பட்டப்பகலில, இந்த யூலை மாசக் குளிரில, லிட்கம் ஸ்ரேசன் மேடையில.

ரஞ்சினி: நல்லாத்தான் கொண்டுபோனியள். கடைசியில உங்கடை புத்தியைக் காட்டிப்போட்டியள். பாலத்துப் பெயின்ற், கொடி ஆட்டின பிள்ளை, இப்ப மின்மினிப்பூச்சி.

அரியரத்தினம்: அது என்ரை கதை இல்லை, பிள்ளை. அவளின்ரை.

ரஞ்சினி: எவளின்ரை?

அரியரத்தினம்: நான் வியாழக்கிழமை பின்னேரம் ஸ்ரேசன் வாங்கில இருந்தனான். நான் போய்க் கையைக் காட்டாட்டில் பரமட்டா ரயில் எடுக்கமாட்டானே. அந்த நேரம் மாமியாரும் மருமகளும் உங்கடை சேர்ச் ஹோலிலையிருந்து வந்து இறங்கிச்சினம். மாமியார் பாலத்தால ஏறிப் பாண் வாங்கப் போட்டா. பிள்ளை வாங்கில குந்திச்சுது. நாங்கள் சும்மா கதைச்சனாங்கள்.

ரஞ்சினி: உங்களோடையோ? அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

அரியரத்தினம்: திறந்திச்சுது. உங்கடை மருமகள் எல்லாத்தையும் மாமியிட்டையே கேட்டவ, சிஸ்டர் பிறகு அவவைத் தனியக் கூப்பிட்டவ எண்டுது. மிச்சத்தை நானே கணக்குப் போட்டன். பிறகு மோதிரத்தைக் காட்டிச்சுது. பிறகு மின்மினிப்பூச்சி எண்டுது. நான் அசந்துபோனன். நாற்பது வருசமாக் கதை விடுறன், எனக்கு இப்பிடியொண்டு வரேல்லை. எங்கடை ஊரில ஒரு நல்ல கதைக்காரி இருந்திருக்கிறாள், இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே எண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சத்தியமும் வாங்கினவள்.

ரஞ்சினி: பிறகேன் எனக்குச் சொல்லுறியள்?

அரியரத்தினம்: நான் சொன்னா ஆர் நம்புறது? அந்தத் தைரியத்திலதான் அவளும் எனக்குச் சொன்னவள்.

ரஞ்சினி: மாமா, அந்தத் தலகணியை எடுங்கோ.

அரியரத்தினம்: ஏன், இன்னும் கேள்வி...

ரஞ்சினி: எடுங்கோ மாமா. அது கதை இல்லை. சிஸ்டர் போர்டில எழுதி ரெண்டு தரம் அடிக்கோடு போட்டவ. தலையிடி, முகம் கை வீக்கம், கண்ணிலை பொறி பறக்கிறது. மூண்டும் ஒண்டாச் சொன்னா கேள்வியை நிப்பாட்டு, கையோடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா எண்டவ. பிரஷர் ஏறினா அப்பிடித்தானாம். விட்டா வலிப்பு வருமாம். தாய்க்கும் பிள்ளைக்கும்... மாமா, நான் அதுக்கு ஒரு குறையும் இல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கிறன்.

அரியரத்தினம்: எடுத்திட்டன், பிள்ளை.

ரஞ்சினி: எத்தினை நாளாம்? இப்பவும் பறக்குதாமோ?

அரியரத்தினம்: எனக்கெப்பிடித் தெரியும். நான் அதைக் கதை எண்டெல்லோ ரசிச்சுக்கொண்டு இருந்தனான். ...அவளையே கேள், பிள்ளை.

ரஞ்சினி: வீட்டை போகவேணும். வீட்டில ஆர் நிக்கிறது? மாமியார் சந்தையில...

அரியரத்தினம்: வீட்டில இல்லை. குசினியில நிக்கிறாள்.

ரஞ்சினி: எந்தக் குசினியில?

அரியரத்தினம்: எங்கடை குசினியில. நீ மகளை நித்திரையாக்கப் போனாப்போல பின்கதவாலை வந்தவள். நான்தான் வரச்சொன்னனான். மாமியார் இல்லாத நேரம் உனக்கு ஒரு உண்மையான ஆள் இருந்தாத் திங்கக்கிழமைக்கு நல்லது எண்டு நினைச்சன். அதுக்குத்தான் அந்த லொறியைக் குயின்ஸ்லாந்திலையிருந்து கூப்பிட்டது. வேறொண்டும் நினைக்கேல்லை.

ரஞ்சினி: சந்திரவதனா... தங்கச்சி, இஞ்சை வாங்கோ. அந்தக் கேத்திலை விடுங்கோ. மெல்ல... இந்தக் கதிரையில இருங்கோ.

சந்திரவதனா: தேத்தண்ணி போட்டுட்டன் அக்கா. சீனி எங்கை எண்டுதான் தெரியேல்லை.

ரஞ்சினி: அது கிடக்கட்டும். தலையிடி இப்பவும் இருக்கோ?

அரியரத்தினம்: இருக்காம். காலமை வரேக்கையும்...

ரஞ்சினி: மாமா, நீங்கள் கதைக்காதேங்கோ. நான் அவவைக் கேக்கிறன்.

அரியரத்தினம்: ...ஓம். அது சரி.

ரஞ்சினி: சொல்லுங்கோ தங்கச்சி.

சந்திரவதனா: இருக்கு அக்கா. இப்ப நெஞ்சுக்குக் கீழையும் ஒரு நோ. மாமி அது வாய்வு எண்டு வேர்க்கொம்புச் சுக்கு அவிச்சுத் தந்தவ.

ரஞ்சினி: அந்தப் பூச்சி?

சந்திரவதனா: முந்தி நடந்தாத்தான் பறக்கும். இண்டைக்கு இருக்கேக்கையும் பறக்குது.

ரஞ்சினி: பிள்ளை அசையுதோ?

சந்திரவதனா: அது நல்லா உதைக்குது. அங்கிளின்ரை கதையைக் கேட்டுக் குசினியில சிரிக்கேக்கையும் உதைச்சது.

ரஞ்சினி: நல்லது. மெத்த நல்லது. பயப்பிடாதேங்கோ. இது வாறதுதான். நேரத்தோடை போனா பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் அங்கை இருக்கினம். இண்டைக்கு சிஸ்டருக்கு வேலை நாள். ஒருக்கா போனில கதைச்சுப்போட்டு வாறன். இடப்பக்கமாச் சரிஞ்சு இருங்கோ. மாமா, அந்தத் தலகணியைக் குடுங்கோ, அவவின்ரை முதுகுக்கு.

அரியரத்தினம்: இந்தா பிள்ளை. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்... மன்னிச்சுக்கொள். நான் அந்த மின்மினிப்பூச்சியைப் பகிடி எண்டு நினைச்சுப்போட்டன்.

சந்திரவதனா: எனக்கும் சொல்லேக்கை பகிடியாத்தான் இருந்தது, அங்கிள்.

அரியரத்தினம்: ஏன் மாமிக்குச் சொல்லேல்லை?

சந்திரவதனா: அவ பாவம். இஞ்சை வந்து ஆறு மாசம் எனக்காக நிக்கிறா. குறை சொன்ன மாதிரிப் போயிடும். அவரும் சனிக்கிழமையிலையும் வேலை. கேட்டா நல்லா இருக்கிறன் எண்டு சொல்லிப் பழகிப்போச்சு.

ரஞ்சினி: சரி. சிஸ்டர்தான் எடுத்தவ. மூண்டையும் சொன்னன், நெஞ்சு நோவையும் சொன்னன். ஆர் சொன்னது, மாமியாரோ எண்டு கேட்டா. இல்லை, தாய் தன்ரை வாயால சொன்னவ எண்டன். பிறகு, கூட்டிக்கொண்டு வா, நான் வாசலில நிப்பன் எண்டா. கட்டிலும் ஆயத்தம் பண்ணுவினமாம்.

அரியரத்தினம்: அப்ப நீ சோதினையில பாஸோ?

ரஞ்சினி: அதையும் கேட்டனான். திங்கக்கிழமைச் சோதினை திங்கக்கிழமைதானாம்.

அரியரத்தினம்: நல்ல மனுசிதான்.

ரஞ்சினி: இவருக்கு யன்னலாலை சொல்லிப்போட்டன், கார் வாசலுக்கு வருது. முழுக்கச் சோப்பு நுரை, பரவாயில்லை. தங்கச்சி, நித்தியானந்தனுக்கு வேலையிடத்துக்கு ஆஸ்பத்திரியிலையிருந்து போன் எடுப்பம். மாமா, நீங்கள் இஞ்சை நிண்டு என்ரை மகளைப் பாத்துக்கொள்ளுங்கோ. மாமியும் அன்ரியும் வந்தா நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ. கதை விடாதேங்கோ.

அரியரத்தினம்: அதுதான் யோசிக்கிறன். உண்மையைச் சொன்னா அவை நம்பமாட்டினம். முருங்கைக்காய்க்கு ஓடினவை, ஆஸ்பத்திரிக்கு அசையமாட்டினம். நீ ஒரு துண்டில எழுதி வைச்சிட்டுப் போ. கையெழுத்தும் வை.

ரஞ்சினி: வைச்சிட்டன். இந்த முறை கேட்டிட்டுத்தான் வைச்சனான். ...எழும்புங்கோ தங்கச்சி, என்ரை கையைப் பிடியுங்கோ. ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. வியாழக்கிழமை ஹோலில நான் உங்களுக்கு நேர முன்னால இருந்தனான். மார்கழியிலையிருந்து ஒரே தெருவில இருக்கிறம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இந்த மனுசன் வாய் திறந்தாப் பொய் எண்டு ஊருக்கே தெரியும். இவருக்கு மட்டும் எப்பிடிச் சொன்னனீங்கள்?

சந்திரவதனா: அவர்தான் அக்கா முதல் சொன்னவர். வாங்கில எனக்குப் பக்கத்தில வந்து இருந்து, சேட்டுக்குள்ள தன்ரை தொப்பியைச் செருகிக்கொண்டு, முகத்தில ஒரு சிரிப்பும் இல்லாமல், பிள்ளை, எனக்கும் இது எட்டாம் மாசம், உடம்பெல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு, வீட்டில ஒருத்தரும் கேக்கினமில்லை எண்டவர். பாவமாக் கிடந்தது... உங்களுக்கு என்ன செய்யுது அங்கிள் எண்டு நான்தான் முதல் கேட்டனான்.